ஆலன் டியூரிங்

கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் 1881-ஆம் ஆண்டு பிறந்தவர் ஏதல் சாரா ஸ்டோனி என்னும் அம்மையார். அவர்தம் தந்தையார் சென்னை ரயில்வேயில் தலைமை என்ஜினீயர். அவ்வம்மையார், சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். உத்தியோகம் வகித்த ஜூலியஸ் டியூரிங் என்பாரை 1907-இல் மணந்தார். மூத்த மைந்தர் குன்னூரிற் பிறந்தார். இளையவராகிய ஆலன், 1912 ஜூன் 23-இல் லண்டனிற் பிறந்தார். ஓராண்டு நிரம்பிச் சில திங்களில் தாயார் கணவரிடம் திரும்பினார். குழந்தையோ இங்கிலாந்தில் ஒரு கர்னலின் இல்லத்தே வளர்ந்தது. உத்தியோகம் பெற்றோரைப் பிரித்த கொடுமை ஆளுவோரையும் விட்டதில்லை போலும்!

கேம்பிரிட்ஜில் பயின்று 1935-இல் கிங்ஸ் கல்லூரியின் ஆய்வாளரான டியூரிங், அக்கோடையில் கிராஞ்செஸ்டர்ப் புல்வெளியிற் படுத்திருக்கையில் ஓர் அரிய எண்ணம் பெற்றார். சிற்றாற்றங்கரையில் வானம் பார்த்துக் கிடக்கும் எம் இலஞ்சி மாணவரைச் சோம்பரென ஏசுவோர் இதனைக் கருதுவாராக. ஹில்பர்ட் என்னும் ஜெர்மானியக் கணிதப் பேராசிரியர், எக்கணிதக் கூற்றும் நிறுவத்தக்கதா அன்றா என்று தவறாது தீர்ப்பளிக்கும் பொதுமுறை உண்டோ என வினவியிருந்தார். டியூரிங் முதற்கண், முறை என்பதுதான் யாது எனக் கேட்டார். முடிவிலா நீளமுடைய ஒரு காகித நாடா, அதிற் கட்டங்கள், கட்டத்திற்கு ஒரு குறி. குறியைப் படித்து, தன் நிலைக்கேற்ப அழித்தோ எழுதியோ ஒரு கட்டம் இடமோ வலமோ நகரும் ஓர் இயந்திரம். கணக்கர் தாளிற் செய்யும் கணக்கெல்லாம் இவ்வளவில் அடங்குமென்றார். ஓர் இயந்திரத்தின் விதிகளையே நாடாவில் எழுதிக் கொடுப்பின், அதன் வேலையை மற்றோர் இயந்திரம் செய்துவிடும் என்பதும் காட்டினார். இன்றைய கணினியின் கரு இதுவே.

இனி அவர் கண்ட எல்லையைப் பிற்காலத்தார் சொல்லும் முறையிற் கூறுவோம். எவ்வியந்திரம் நிற்கும், எது ஓயாது ஓடும் என்று உரைக்கும் சோதிட இயந்திரமொன்று உண்டெனக் கொள்க. அது நிற்கும் என்றால் ஓடவும், ஓடும் என்றால் நிற்கவும் வல்ல முரட்டு இயந்திரமொன்றை அதனைக்கொண்டே அமைத்து, அம்முரடனுக்குத் தன் விதிகளையே கொடுப்போம். சோதிடம் எப்படிச் சொல்லினும் பொய்க்கும்! ஆதலின் அத்தகைய சோதிடன் இல்லை; ஹில்பர்ட் விழைந்த முறையும் இல்லை. 1936-இல் இம்முடிபை அமெரிக்கரான அலோன்ஸோ சர்ச்சும் வேறு வழியால் நிறுவினார். எனினும் நாடா இயந்திரமே உள்ளத்திற் பதிவது.

போர்க்காலத்தே பிளெட்ச்லியில் இருந்து, ஜெர்மானியரின் எனிக்மா மறையெழுத்தை உடைக்கும் பணியில் தலைநின்றார். நாடு அவருக்களித்த கைம்மாறு நினைக்கவும் நாணுதற்குரியது. ஆடவர் ஒருவரோடு கொண்ட உறவு அந்நாளில் அங்கே குற்றம். 1952-இல் தண்டனை பெற்று, சிறைக்கு மாற்றாக ஹார்மோன் மருந்தேற்றலுக்கு உட்பட்டார். 1954 ஜூன் 7-இல், நாற்பத்தோராம் வயதில், சயனைடு நஞ்சால் இறந்தார். அரசியின் மன்னிப்பு வந்தது 2013-இல்.

விசாரணையிற் தற்கொலை எனத் தீர்ந்தது. தாயாரோ அது விபத்தென்றே நம்பினார். போத்தனூரிற் பிறந்த அம்மூதாட்டியே மகனின் சரித்திரத்தை எழுதி 1959-இல் வெளியிட்டார். போர்க்காலத்தில் அவர் செய்தது அன்று அரசாங்க இரகசியமாதலின், அந்நூலில் அப்பகுதியை விரித்தெழுத இயலவில்லை.