ஜான் பனியன் சரித்திரம்

மோட்சப் பிரயாணம் என்னும் நூலை நேயர்கள் அறிவர். கிருஷ்ணபிள்ளையவர்கள் அதனைத் தழுவியே இரட்சணிய யாத்திரிகத்தைப் பாடி 1894-ல் வெளியிட்டார்கள். மூலநூலை இயற்றிய ஜான் பனியன், 1628-ம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து எல்ஸ்டோ என்னுஞ் சிற்றூரிலே, பழுதுற்ற பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி ஒருவரின் மகனாய்ப் பிறந்தார். தாமும் அத்தொழிலையே செய்தார்.

இளமையில் விளையாட்டிலும் தீச்சொல்லிலும் காலங்கழித்த இவர், பெட்போர்டு நகரத் தெருவொன்றில் வெயிலிலமர்ந்து தேவகிருபையைப் பேசிய ஏழைப் பெண்களின் சொற்கேட்டு உள்ளங்கலங்கினார். மனந்திரும்பிய பின்னரே பெரும்போர் மூண்டது. கிறிஸ்துவை விற்றுவிடு என்னும் நினைவு, உண்ணும்போதுங்கூட அவரைத் துரத்திற்று. ஒருநாள் களைத்த மனம் அதற்கு இணங்கிவிட்டதாகத் தோன்றவே, சேஷ்டபுத்திரபாகத்தை விற்ற ஏசாவின் கதியே தமக்குமென்று இரண்டாண்டுகளுக்கு மேலாக நைந்தார். இதனைப் பித்தென்று நகைப்பாருமுளர். நள்ளிரவில் தனியே விழித்திருந்தோர் நகையார். தம் நீதி தம்முடைய மனநிலையிலன்று, பரலோகத்திலிருக்குங் கிறிஸ்துவினிடத்திலேயே உளதென்று வயல்வழி நடக்கையில் உணர்ந்தபோதுதான் அவர் விலங்கு கழன்றது.

1660-ல், அனுமதியின்றிப் பிரசங்கித்தாரென்று சிறைப்பட்டார். இனிப் பிரசங்கியேன் என்றால் விடுதலையுண்டு. வெளியிலோ மனைவியும், பார்வையற்ற மூத்த மகளும் பிற மக்களும். அம்மகளை நினைக்குந்தோறும் தசையை எலும்பினின்று பிரிப்பதுபோல வருந்தினார். சிறையிலிருந்தே நாடாக்கள் செய்து குடும்பத்துக்கு உதவினார். தூக்குமரத்தில் ஏறுநேரத்தில் தேவஆறுதல் கிட்டாதுபோயின் என்செய்வதென்னும் அச்சமும் வாட்டிற்று. ஆறுதல் வரினும் வாராதொழியினும் தாம் பற்றியதை விடுவதில்லையென்று அவ்விருளிலேயே துணிந்தார்.

பன்னீராண்டுக்குப்பின் 1672-ல் விடுதலைபெற்று, பெட்போர்டுச் சபைக்குப் போதகராயிருந்து, 1688-ல் இலண்டனிற் காலஞ்சென்றார்.