புரவலருடன் முடிந்த ஆட்டம்

திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பகுதிகளில் கூலிக்கு நெய்பவர்களின் பொருளாதாரத்தைப் பல ஆண்டுகள் வகுப்பில் விளக்கியிருக்கிறேன். பாவு நூலும் சந்தையும் பிறருடையவை. திறன் மட்டுமே நெய்பவருடையது. சதுரங்க வீரர் மீர் சுல்தான் கானின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தப் பாடமே நினைவுக்கு வந்தது.

பஞ்சாபைச் சேர்ந்த அவரை ஆதரித்தவர் பெருநிலக்கிழார் சர் உமர் ஹயாத் கான். சுல்தான் கான் இளமையில் பழகியது இந்திய முறை ஆட்டம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் செல்லும். ஐரோப்பிய விதிகளை அவர் கற்றது வளர்ந்த பிறகே. ஆயினும் 1929-இல் புரவலருடன் லண்டன் சென்று, அதே ஆண்டில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆண்டுகளிலும் வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவைத் தோற்கடித்தார். 1931 பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்துக்காக முதல் பலகையில் ஆடி, ரூபின்ஸ்டைனை வென்றார். அன்றைய உலக சாம்பியன் அலெகினுடன் சமன் செய்தார். அடிமை நாட்டவர் ஒருவர், ஆண்ட நாட்டின் அணிக்குத் தலைமை ஆட்டக்காரர்!

1933 இறுதியில் புரவலர் நாடு திரும்பினார். சுல்தான் கானும் உடன் திரும்பினார். ஐரோப்பியப் போட்டிகள் அத்துடன் நின்றன. திறமை மங்கிவிட்டதால் அல்ல; பயணச் செலவு அவர் கையில் இல்லை என்பதே என் கணிப்பு. 1950-இல் உலகக் கூட்டமைப்பு கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை முதன்முதலாக அறிவித்தபோது அவர் உயிருடன் இருந்தார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1966-இல் காலமானார். கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் 2024-இல் வந்தது.