நிதி மந்திரி பதவியை உதறிய பேராசிரியர்

1957-ம் ஆண்டு மே மாதம் 20-ந் தேதி, நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி வெட்டும் வேலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். மண்ணை அள்ளி, நீரை இறைத்து, கரியைக் கண்ணால் காண்பதற்கு 1961 ஆகஸ்டு ஆகிவிட்டது. அதற்கு அடுத்த ஆண்டில்தான் அந்தக் கரியில் மின்சாரம் பிறந்தது. இன்று வட்டம் வட்டமாக வீடுகளும், நிழல் தரும் சாலைகளுமாக விளங்கும் நெய்வேலி நகரியம், சர்க்கார் திட்டம் போட்டுப் பணம் போட்டதால் எழுந்த ஊர்.

இப்படி வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டிய வேலைகளுக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்க வேண்டும்? திட்டம் போடுகிறவர் கையிலா, கஜானாவுக்குப் பொறுப்பான மந்திரி கையிலா? நெய்வேலிக்கு ஏழு ஆண்டுகள் முன்பே இந்தக் கேள்வியை எழுப்பி, அதற்காகப் பதவியையே துறந்தார் ஒருவர். அவர்தான் சுதந்திர இந்தியாவின் இரண்டாவது நிதி மந்திரி, டாக்டர் ஜான் மத்தாய்.

வக்கீல் பேராசிரியரானார்

ஜான் மத்தாய் 1886-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி கோழிக்கோட்டில் பிறந்தார். மலபார் அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. படிக்க வந்த இடம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. சட்டமும் படித்து, சென்னை ஹைக்கோர்ட்டில் சில ஆண்டுகள் வக்கீல் தொழில் பார்த்தார்.

ஆனால் அவர் மனம் வழக்குகளில் நிற்கவில்லை. கப்பலேறி லண்டனுக்குச் சென்று பொருளாதாரம் பயின்றார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட விஷயம் பெரிய பாங்கியோ, பன்னாட்டு வர்த்தகமோ அல்ல. நம் கிராமங்கள் பழைய காலத்தில் தங்கள் காரியங்களைத் தாங்களே எப்படி நிர்வகித்துக்கொண்டன என்பதுதான். ஏரிக்கு மராமத்து, ஊருக்குக் காவல், பள்ளிக்கு வாத்தியார் என்று பலவற்றையும் ஆராய்ந்தார். 1915-ல் அது புத்தகமாக வெளிவந்தது. டாக்டர் பட்டமும் கிடைத்தது.

ஊர் திரும்பியவர் கூட்டுறவு இலாகாவில் சிறிது காலம் பணி செய்தார். 1920-ல் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியரானார். சென்னைப் பல்கலைக் கழகத்திலும் இந்தியப் பொருளாதாரம் போதித்தார். சென்னைச் சட்டசபையிலும் அங்கத்தினராக இருந்தார்.

சுங்க வரியும் டாட்டாவும்

1925-ல் சுங்க வரி போர்டில் அவருக்கு இடம் கிடைத்தது. பின்னர் அதன் தலைவராகவும் ஆனார். வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்து இறங்கும்போது, இங்கே புதிதாகத் தோன்றும் தொழில் தாக்குப்பிடிக்குமா? எந்தத் தொழிலுக்கு, எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு பாதுகாப்பு வரி கொடுப்பது? இதை விசாரித்துச் சிபாரிசு செய்வது அந்தப் போர்டின் வேலை. அவர் அதில் இருந்த காலத்தில் விசாரிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று சர்க்கரை. 1932-ல் சர்க்கரைக்குப் பாதுகாப்பு வந்தது. ஒரு சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் சர்க்கரை ஆலைகள் பெருகின.

1940-ல் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று டாட்டா நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கேதான் அவருடைய பெயர் தேசம் முழுவதும் பரவக் காரணமான வேலை நடந்தது. உலக யுத்தம் முடியுமுன்பே, 1944-ல், எட்டுப் பேர் கூடி ஒரு திட்டம் வெளியிட்டார்கள். ஜே.ஆர்.டி.டாட்டா, பிர்லா, புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், கஸ்தூர்பாய் லால்பாய் முதலிய பெரிய தொழிலதிபர்களோடு மத்தாயும் அதில் கையெழுத்திட்டார். அதற்குப் பம்பாய்த் திட்டம் என்று பெயர்.

பதினைந்து ஆண்டில் ரூ.10 ஆயிரம் கோடி செலவிட்டு, தலைக்குத் தலை வருமானத்தை இரட்டிப்பாக்க வேண்டும் என்றது அந்தத் திட்டம். அடிப்படைத் தொழில்களை வளர்ப்பதில் சர்க்காருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை முதலாளிகளே ஒப்புக்கொண்டார்கள். ஆகவே மத்தாயைத் திட்டத்துக்கே விரோதி என்று எவரும் சொல்ல முடியாது. அவரே திட்டம் போட்டவர்.

இரு முறை நிதி இலாகா

1946 செப்டம்பரில் நேரு தலைமையில் இடைக்கால சர்க்கார் அமைந்தது. நிதி இலாகா மத்தாயிடம் வந்தது. ஆனால் அக்டோபரில் முஸ்லிம் லீக் சர்க்காரில் சேர்ந்தபோது, லியாகத் அலிகானுக்கு அந்த இலாகா போயிற்று. மத்தாய் முணுமுணுக்காமல் கைத்தொழில் இலாகாவை ஏற்றுக்கொண்டார்.

சுதந்திரம் வந்ததும் ரயில்வே மந்திரியானார். தேசப் பிரிவினையால் தண்டவாளங்கள் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்த நேரம் அது. அகதிகளை ஏற்றிக்கொண்டு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த நேரமும் அதுவே. சுதந்திர இந்தியாவின் முதல் ரயில்வே பட்ஜெட்டை 1947 நவம்பரில் அவரே சமர்ப்பித்தார்.

முதல் நிதி மந்திரியான கோயமுத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் 1948-ல் விலகினார். அந்த ஆண்டு செப்டம்பரில் மத்தாய்க்கு மறுபடியும் நிதி இலாகா வந்தது. விலைவாசி ஏறியிருந்தது. உணவுத் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுனின் மதிப்பைக் குறைத்தது. அதைத் தொடர்ந்து ரூபாயின் மதிப்பும் குறைக்கப்பட்டது. அதுவரை சுமார் ரூ.3.30-க்குக் கிடைத்த ஒரு டாலருக்கு, அதன் பிறகு ரூ.4.76 கொடுக்க வேண்டியதாயிற்று. இத்தகைய நாளில் செலவைச் சுருக்குவதே நிதி மந்திரியின் முதல் கடமை என்று மத்தாய் கருதினார்.

ராஜிநாமா

1950 பிப்ரவரி 28-ந் தேதி, குடியரசு இந்தியாவின் முதல் பட்ஜெட்டை அவர் வாசித்தார். திட்டக் கமிஷன் ஏற்படப் போகும் செய்தி அந்தப் பட்ஜெட்டிலேயே இருந்தது. மார்ச் 15-ந் தேதி கமிஷனும் அமைந்தது. பிரதமரே அதன் தலைவர்.

இங்கேதான் அபிப்பிராய பேதம் முற்றியது. மந்திரி சபை பார்லிமெண்டுக்குப் பதில் சொல்ல வேண்டும். பார்லிமெண்டு ஜனங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் கமிஷன் யாருக்குப் பதில் சொல்லும்? அது இன்னொரு மந்திரி சபையாக வளர்ந்துவிடும்; செலவைத் தட்டிக் கேட்கும் நிதி இலாகாவின் கை தளர்ந்துவிடும் என்பது மத்தாயின் வாதம். போட்ட திட்டங்களுக்கே பணம் போதாதபோது புதிய திட்டங்கள் எதற்கு என்பதும் அவருடைய கேள்வி. அந்த ஏப்ரலில் பாகிஸ்தானோடு செய்த நேரு-லியாகத் ஒப்பந்தத்திலும் அவருக்குச் சம்மதமில்லை. பிரதமரோ, சிதறிக் கிடக்கும் இலாகாக்களின் வேலைகளை ஒரே பார்வையில் நோக்க ஒரு சபை வேண்டும் என்று உறுதியாக இருந்தார்.

மத்தாய் பதவியைவிட்டு விலகினார். காரணங்களையும் பகிரங்கமாக அறிக்கையில் சொன்னார். சி.டி.தேஷ்முக் அடுத்த நிதி மந்திரியானார்.

யார் சொன்னது சரி?

நெய்வேலியைப் பார்த்தால் பிரதமரின் பக்கம் நியாயம் தெரியும். ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணற்று நீரோடு கறுப்புப் பொருள் வெளிவந்தது 1930-களில். கரிக்கு மேலே கனத்த மண். கீழேயோ பீறிட்டு எழும் ஊற்று நீர். இத்தனை தொல்லைக்கும் ஈடு கொடுத்து, லாபம் வரும்வரை பொறுத்திருக்கத் தனி முதலாளி எவர் முன்வருவார்? 1956-ல் சர்க்கார் கார்ப்பொரேஷன் அமைந்த பிறகே காரியம் கைகூடியது.

மத்தாய் அஞ்சியதும் வீணாகவில்லை. இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய சில காலத்துக்குள் அன்னியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோயிற்று. 1958-ல் திட்டத்தையே சுருக்கி, முக்கியமானவற்றை மட்டும் காப்பாற்ற நேர்ந்தது. வரவை எண்ணாமல் செலவைத் திட்டமிட்டால் நடுவழியில் வண்டி நிற்கும் என்ற பாடத்தைத் தேசம் பட்டுத் தெரிந்துகொண்டது.

கடைசிக் காலம்

மந்திரி பதவி போனதால் மத்தாய் ஒதுங்கிவிடவில்லை. சர்க்காரும் அவரை ஒதுக்கவில்லை. 1955-ல் ஸ்டேட் பாங்கு ஏற்பட்டபோது அதன் முதல் தலைவர் அவரே. பம்பாய்ப் பல்கலைக் கழகத்துக்குத் துணைவேந்தர், பிறகு 1957-ல் கேரளப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தர் என்று மீண்டும் கல்விக்கே திரும்பினார். 1959-ல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. அந்த ஆண்டிலேயே காலமானார். நெய்வேலியில் அப்போது இன்னும் மண்தான் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவரை விலக வைத்த திட்டக் கமிஷன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2015 ஜனவரி 1-ந் தேதி அதன் இடத்தில் நிதி ஆயோக் வந்தது. ஆலோசனை சொல்வது அதன் வேலை. மாநிலங்களுக்குப் பணம் பங்கிடும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்தப் பொறுப்பில் பெரும்பகுதி நிதி மந்திரியின் இலாகாவுக்குத் திரும்பியது. அது அங்கேதான் இருக்க வேண்டும் என்று 1950-ல் வாதாடியவர், பிரசிடென்சி கல்லூரியில் ஒரு காலத்தில் பாடம் சொன்ன அந்தப் பேராசிரியர்.