பூட்டுக்காரர் மகன்

போன வருஷம், திருவிழாவுக்கு முதல் நாள். எங்கள் வட்டாரத்துக் கோயில் ஒன்றில், அன்னதானக் கூடத்தில் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் இரண்டு பெரிய கெட்டில்கள் கொதித்துக் கொண்டிருந்தன. திடீரென்று பிளாஸ்டிக் கருகும் வாடை. ஓடிப்போய் சுவிட்சை அடைத்தோம். பிளக்கைத் திறந்து பார்த்தால் ஃபியூஸ் இல்லை. அந்த இடத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுருட்டி வைத்திருந்தது! ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னு யாரோ செய்த வேலை. மேலே காய்ந்த கீற்றுப் பந்தல். நினைத்தாலே இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிரவு நம் தம்பிகளிடம், ஒரு கெட்டில் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கேட்டேன். எஸ்.பி.எம். இயற்பியலில் நல்ல மதிப்பெண் எடுத்தவனும் தலையைச் சொறிந்தான். சூத்திரம் மனப்பாடம். ஆனால் ஓம் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியவில்லை. நம் பிரணவ மந்திரம் என்று நினைத்தவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள். அதனால்தான் இந்த மாதம் அவர் கதையைச் சொல்கிறேன்.

ஜியார்ஜ் சைமன் ஓம் 1789 மார்ச் 16-ஆம் நாள் ஜெர்மனியின் எர்லாங்கன் ஊரில் பிறந்தார். அப்பா பூட்டுச் செய்யும் தொழிலாளி. முறையாகப் படித்தவரில்லை, தானாகவே கணிதம் கற்று, பிள்ளைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார். ஓமுக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா இறந்துவிட்டார்.

1805-இல் பல்கலைக்கழகம் போனார். போனவர் ஒழுங்காகப் படித்தாரா? நடனம், பனிச்சறுக்கு, பில்லியர்ட்ஸ் என்று சுற்றினார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! படிப்பை நிறுத்தி, கணித ஆசிரியர் வேலைக்கு சுவிட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார். நம் தோட்டத்து அப்பாக்களுக்கும் அவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பையன் அங்கே சொந்தமாகப் படித்து, திரும்பி வந்து 1811-இல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

நல்ல வேலை மட்டும் கிடைக்கவில்லை. 1817-இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அப்பாவிடம் கற்ற கைவேலை அங்கேதான் உதவியது. கருவிகளைத் தானே செய்து, ஒரே தடிப்புள்ள கம்பிகளை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, எதில் எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளந்தார்.

முதல் கணக்கு தப்பாகப் போனது. அக்கால பேட்டரி ஒரே சீராக மின்சாரம் தராது, அளக்கும்போதே இறங்கிவிடும். அந்த அளவுகளை நம்பி 1825-இல் ஒரு தவறான சூத்திரத்தை வெளியிட்டுவிட்டார். வேறொருவராக இருந்தால் அதையே பிடித்துக்கொண்டு வாதாடியிருப்பார். இவரோ, பொகெண்டோர்ஃப் என்ற இதழாசிரியர் சொன்ன யோசனையைக் கேட்டு பேட்டரியை ஒதுக்கினார். பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஓர் இணைப்பைக் கொதிநீரிலும் மற்றதை ஐஸிலும் வைத்தார். சூட்டு வித்தியாசம் மாறாததால் மின்சாரமும் சீராக வந்தது. உண்மை பிடிபட்டது. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை. 1827-இல் இதை நூலாகவே எழுதினார்.

நம் கெட்டிலுக்கு வருவோம். வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கெட்டிலில் 2,300 வாட் என்று எழுதியிருந்தால், வகுத்துப் பாருங்கள், 10 ஆம்பியர். தடை 23 ஓம். இரண்டு கெட்டில் என்றால் 20 ஆம்பியர். பிளக் தாங்குவதோ 13. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் என்பது ஓம் சொன்னதல்ல. கம்பி சூடாகும் கணக்கை 1840-களில் ஜூல் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார்.) எக்ஸ்டென்ஷன் வயரின் தடை வெறும் அரை ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 10 ஆம்பியர் போனால் வயரிலேயே 50 வாட் சூடு. 20 போனால் நூறு இல்லை, 200 வாட்! மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. அதிலும் சுருட்டி வைத்த வயர் என்றால் சூடு வெளியேறவும் வழியில்லை. வெள்ளித்தாள் வைத்த அன்பருக்கு இது தெரிந்திருந்தால் வைத்திருப்பாரா?

ஓமின் நூலை அவர் நாட்டிலேயே பலர் மதிக்கவில்லை. மனம் நொந்து கொலோன் வேலையை விட்டார். பெர்லினில் சில வருஷம் சின்னச் சின்ன ஆசிரியர் வேலைகள். 1833-இல்தான் நியூரம்பர்க் தொழிற்கல்லூரியில் இடம் கிடைத்தது. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி கோப்லி பதக்கம் கொடுத்த பிறகு ஊர்க்காரர்களுக்கும் கண் திறந்தது. அவர் ஆசைப்பட்ட இயற்பியல் பேராசிரியர் பதவி மியூனிக்கில் 1852-இல் வந்தது. அப்போது வயது 63. இரண்டே வருஷம். 1854 ஜூலை 6-ஆம் நாள் காலமானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 1881-இல் பாரிஸ் மாநாட்டில் மின்தடையின் அலகுக்கு அவர் பெயரை உலகமே ஏற்றுக்கொண்டது.

இந்த வருஷத் திருவிழாவுக்கு வயர்மேனைக் கூப்பிட்டு, கெட்டில்களுக்குத் தனித்தனி லைன் போட்டாகிவிட்டது. தலையைச் சொறிந்த அதே தம்பி ஒவ்வொரு பிளக்குக்கு மேலேயும் எத்தனை ஆம்பியர் என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறான். கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி இருக்கு.