டென்மார்க்கு வீரர் ஆண்டர்ஸ் லாஸன்

ஒருவன் எக்குடியிற் பிறந்தான் என்று கேட்டறிந்து, அதனைக் கொண்டே அவன் பெருமையை அளந்துவிடும் வழக்கம் எல்லாத் தேசத்தாரிடத்தும் உண்டு, நம்மிடத்தும் உண்டு. முன்னோர் ஈட்டிவைத்த நற்பெயர் பின்னோர்க்கு ஒரு முதல் போன்றது. எனினும், முதலைக் கையில் வைத்துக்கொண்டு வாளா இருப்பவனை உலகம் நெடுநாள் செல்வன் என்று மதியாது. பெருங்குடியிற் பிறந்தும் அப்பிறப்பை நம்பியிராமல், இருபத்து நான்கு ஆண்டுகளே வாழ்ந்து, வேற்றுநாட்டுப் படையிற் சேர்ந்து, அந்நாட்டின் தலைசிறந்த வீரப் பரிசினைப் பெற்றவர் ஒருவருடைய சரிதையை நம் சங்கத்து அன்பர்களுக்கு ஈண்டு எடுத்துரைப்பேன்.

ஐரோப்பாக் கண்டத்தின் வடபால், ஜெர்மனிக்கு மேலே, கடலோடு கலந்து கிடக்கும் சிறு நாடு டென்மார்க்கு. அந்நாட்டின் ஸீலந்துத் தீவின் தென்பகுதியில் உள்ள ஹோவ்டிங்ஸ்கோர் என்னும் பண்ணை மாளிகையில், 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் நாள் ஆண்டர்ஸ் லாஸன் பிறந்தார். தந்தையார் எமில் லாஸன் பெருநிலக்கிழார். தாயார் சுசானா பிரபு குடும்பத்தில் உதித்தவர். சிறுவர்க்கான நூல்கள் இயற்றியவர். பிற்காலத்தில் தம் மகனுடைய சரிதையையும் தாமே எழுதி வெளியிடும் நிலை அத்தாய்க்கு நேர்ந்தது.

இளமையில் லாஸனுக்கு ஏட்டுக் கல்வியில் மனம் பற்றவில்லை. காடும் வேட்டையும் அவர் பள்ளிக்கூடங்களாயின. வில்வித்தையில் அவர் பெற்றிருந்த தேர்ச்சி எத்தகையதெனின், துப்பாக்கிகள் நிறைந்த இருபதாம் நூற்றாண்டின் பெரும்போரிலும் தமக்கு வில்லும் அம்பும் தரவேண்டுமென்று போர் அலுவலகத்தாருக்கு விண்ணப்பம் செய்துகொண்டார் என்பர். மாளிகையில் ஏவலாளர் சூழ வாழத்தக்க அவ்விளைஞர் வணிகக் கப்பலிற் சேர்ந்து, அடிமட்டத்து ஊழியம் செய்து, பல கடல்களையும் கண்டார். பிறர் ஏவலைச் செய்து பழகியமையால், பின்னர்ப் பிறரை ஏவும் நிலை வந்தபோது, ஏவப்படுவோர் படும் பாடு இன்னதென்று அவர் அறிந்திருந்தார்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 9-ஆம் நாள் விடியற்காலையில் ஜெர்மானியப் படை டென்மார்க்கினுட் புகுந்தது. சில மணி நேரத்திற்குள் அச்சிறு நாடு பணிந்தது. அவ்வேளையில் லாஸன் தாய்நாட்டுக்கு அப்பாற் கடல்மேல் இருந்தார். வீடு திரும்பும் வழி அடைபட்டது. திரும்பினாலும் அடிமை நாட்டிலேயே வாழவேண்டும். அவர் பிரிட்டனை அடைந்து, அவ்வாண்டிலேயே அந்நாட்டுக் கமாண்டோப் படையிற் சேர்ந்தார். அவரைப் போருக்கு வருகவென்று அழைக்கும் உரிமை அங்கே எவர்க்கும் இல்லை. தம் நாடு இழந்ததை மீட்பதற்குத் தாமே சென்றார்.

கமாண்டோக்கள் என்போர் பெருஞ்சேனையோடு நின்று பொருபவர் அல்லர். சிலராய்ச் சேர்ந்து, இருளிற் கடல்வழிச் சென்று, பகைவன் அயர்ந்திருக்கும் இடத்தில் இறங்கித் தாக்கி, விடியுமுன் மீள்பவர். நம் பண்டைப் புலவர்கள் இரவிற் சென்று பகைவர் ஆநிரையைக் கவர்ந்து வருதலை வெட்சித்திணை என வகுத்துப் போரின் தொடக்கமாக வைத்தனர். கமாண்டோக்களின் தொழிலைத் தமிழ் கற்றார்க்கு விளக்க அதனினும் ஏற்ற சொல் இல்லை.

லாஸன் முதலிற் புகழ்பெற்ற செயலும் ஒரு வெட்சியே. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையை அடுத்த பெர்னாண்டோ போ என்னும் தீவு அந்நாளில் ஸ்பெயினுக்கு உரியது. ஸ்பெயினோ போரில் எப்பக்கமும் சேராதது. அத்தீவின் துறைமுகத்தில் இத்தாலியரின் பெருங்கப்பல் ஒன்றும், ஜெர்மானியரின் இழுவைக் கப்பல் ஒன்றும் ஒதுங்கி நின்றன. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் இரவு, அக்கப்பல்களின் அதிகாரிகளைக் கரையில் விருந்துக்கு அழைத்துவிட்டு, மார்ச் பிலிப்ஸ் என்பவர் தலைமையில் கமாண்டோக்கள் கப்பல்களில் ஏறி, நங்கூரச் சங்கிலிகளை வெடி வைத்து அறுத்து, இரண்டையும் இழுத்துக்கொண்டு போயினர். தம்முள் ஓருயிரும் இழவாது ஆநிரை கவர்ந்த அக்கூட்டத்துள் லாஸனும் ஒருவர். சாதாரண வீரராய்ச் சேர்ந்த அவருக்கு விரைவில் அதிகாரிப் பதவி கிடைத்தது.

பின்னர் அவர் ஆங்கிலக் கால்வாயிலும் கிரேக்க நாட்டுக் கடலிலும் பல இரவுகள் சென்று பொருதார். 1943-ஆம் ஆண்டு ஜூலையில் கிரீட்டுத் தீவின் கஸ்தெல்லி விமானதளத்தில், காவலரிடம் ஜெர்மன் மொழியிற் பேசி ஏய்த்து உட்புகுந்து, காவற்படை முழுவதையும் தம்பால் இழுத்துக்கொண்டார். அவ்விடைவெளியில் அவர் தோழர்கள் மறுபுறத்தே விமானங்களுக்கு வெடி வைத்தனர். பிறருடைய வேலை முடியும்பொருட்டுத் தம்மைக் குறியாக்கிக்கொள்ளும் இயல்பு அவர்பால் அப்போதே விளங்கிற்று. மிலிட்டரி கிராஸ் என்னும் விருது அவருக்கு மும்முறை வழங்கப்பெற்றது.

இத்தொழிலின் மறுபக்கத்தையும் மறைத்தல் அறமாகாது. 1942-ஆம் ஆண்டு அக்டோபரில் ஸார்க்குத் தீவில் லாஸனும் தோழரும் நடத்திய தாக்குதலில், கைகட்டப்பட்ட ஜெர்மானியர் சிலர் மாண்டனர். அதன்பின் அம்மாதம் 18-ஆம் நாள், பிடிபடும் கமாண்டோக்கள் சரணடைந்தாலும் கொல்லப்படவேண்டுமென்று ஹிட்லர் கட்டளை பிறப்பித்தான். 1944-ஆம் ஆண்டு ஏப்ரலில் லாஸன் சாந்தோரினித் தீவைத் தாக்கி மீண்டபின், ஜெர்மானியர் அத்தீவின் ஊர்த்தலைவர் உள்ளிட்ட சிலரைப் பழிக்குப் பழியாகச் சுட்டுக் கொன்றனர். இரவில் வந்தவர் இரவிலே போய்விடுவர். விடிந்தபின் அங்கேயே இருக்கவேண்டிய குடிமக்கள் விலை கொடுப்பர். கொல்லுந் தொழிலிற் கைதேர்ந்தவர் என்பதனால் மட்டும் லாஸனை நாம் போற்றுவதற்கில்லை.

ஈண்டு அவர் உறவினர் ஒருவரையும் நினைத்தல் தகும். லாஸனின் அத்தை மகன் ஆக்ஸல் பான் டெம் புஷ்ஷே என்பவர் ஜெர்மானியப் படையில் அதிகாரி. 1942-ஆம் ஆண்டு உக்ரேனில் தூப்னோ என்னும் ஊரில் யூதர்கள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டதைக் கண்ணாற் கண்டு மனம் கொதித்து, வெடிகுண்டைத் தம் உடையில் மறைத்துச் சென்று, ஹிட்லரைத் தழுவித் தாமும் உடன் மாள்வதென்று 1943-ஆம் ஆண்டு நவம்பரில் அவர் துணிந்தார். அச்சூழ்ச்சி நிறைவேறாமற் போயிற்று. புஷ்ஷே 1993-ஆம் ஆண்டு வரை வாழ்ந்திருந்தார். ஒரே குருதியினர் இருவர் எதிரெதிர்ப் படைகளில் நின்றும், ஒரே கொடுமையை எதிர்த்துத் தம் உயிரைப் பணயம் வைத்தனர். குடியின் பெயர் பொது. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை அவரவரே தேர்ந்துகொண்டனர்.

இனி லாஸனின் இறுதி இரவைக் கூறுவேன். 1945-ஆம் ஆண்டு ஏப்ரலில் வட இத்தாலியில் நேச தேசத்தார் பெருந்தாக்குதலுக்கு ஆயத்தமாயினர். அதற்குமுன், கொமாக்கியோ ஏரியின் வடகரையில் ஒரு பெரும்படை இறங்கிவிட்டதுபோற் பகைவரை மயக்கவேண்டும். அதற்காக ஏப்ரல் 8-ஆம் நாள் இரவு மேஜர் லாஸன் அனுப்பப்பட்டார். உடன் சென்றவர் ஓர் அதிகாரியும் 17 வீரருமே. இடத்தை முன்னரே வேவு பார்க்க வாய்ப்பில்லை. கரையேறிய அவர்கள், இருபுறமும் நீர் நிற்க நடுவே செல்லும் ஒடுங்கிய சாலையொன்றில் தாம் நிற்பதைக் கண்டனர். ஒதுங்க இடமில்லை, மறைய மரமில்லை.

சிறிது தூரம் சென்றதும் காவலன் அதட்டினான். தாங்கள் வீடு திரும்பும் மீனவர் என்று சொல்லிப் பார்த்தனர், அவன் நம்பவில்லை. உடனே இயந்திரத் துப்பாக்கிகள் முழங்கின. லாஸன் முன்னே பாய்ந்து, கையெறி குண்டுகளை வீசி, நால்வரும் இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளும் இருந்த முதற் காவலரணை அழித்தார். குண்டுமாரி சாலை முழுவதையும் துடைத்துக்கொண்டிருக்க, தம் வீரர் பின்னிருந்து சுட்டுத் துணைசெய்ய, இரண்டாம் அரணையும் அடக்கினார். அதற்குள் அவர் வீரருட் பலர் காயமுற்றனர். எஞ்சியோரைத் திரட்டி ஒழுங்கு செய்துகொண்டு மூன்றாம் அரணைத் தாக்கினார். உள்ளிருந்தோர் சரணடைவதாகக் கூவினர். வெளியே வருமாறு பணிக்க அவர் சில அடி தூரம் வரை நெருங்கியபோது, அரணின் இடப்புறத்திலிருந்து வந்த குண்டுகள் அவரை வீழ்த்தின. வீழும்போதே அவர் எறிந்த குண்டு உள்ளிருந்தோரைக் கலக்கிற்று; அவர் வீரர் பாய்ந்து அதனையும் கைப்பற்றினர்.

வெடிபொருள் தீரும் நிலை, பின்வாங்கவேண்டிய நேரம். வீரர் தம் தலைவரைத் தூக்கிச் செல்ல முற்பட்டனர். லாஸன் இசையவில்லை. தம்மைச் சுமந்தால் அவர்கள் நடை தளரும், அதனால் மேலும் சில உயிர் போகும் என்று கூறி மறுத்துவிட்டார். முன்னேறும்போது எல்லார்க்கும் முன்னே சென்றவர், மீளும்போது எல்லார்க்கும் பின்னே தங்கினார். அவர் வீரத்தின் சாரம் முழுவதும் இதில் அடங்கியது. பகைவரைக் கொல்லும் ஆற்றல் பலர்க்கு உண்டு. தன்னை நம்பி வந்தவர் உயிரைத் தன் உயிரினும் மேலாக எண்ணுதல் சிலர்க்கே உண்டு. அவ்வாறு எண்ணுபவனையே தலைவன் எனல் வேண்டும்.

அவர் உயிர் நீத்த நாள் ஏப்ரல் 9. அவர் தாய்நாடு அடிமைப்பட்ட நாளும் அதுவே. இடையிற் கழிந்தவை சரியாக ஐந்து ஆண்டுகள். டென்மார்க்கு விடுதலை பெற்ற மே 5-ஆம் நாளுக்கு ஒரு மாதமும் இல்லை. அதனைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஏப்ரல் 9-ஆம் நாள், பெருந்தாக்குதல் தொடங்கியபோது, அப்பகுதியின் ஸெனியோ ஆற்றங்கரையில் நம் இந்தியச் சிப்பாய்களான நாம்தேவ் ஜாதவும் அலி ஹைதரும் தத்தம் தோழரைக் காத்து ஆற்றிய அருஞ்செயலுக்காக விக்டோரியா கிராஸ் பெற்றனர். அவ்வுயர்ந்த பரிசே 1945-ஆம் ஆண்டு செப்டம்பரில் லாஸனுக்கும் அறிவிக்கப்பட்டது.  டேனியப் பெருநிலக்கிழாரின் மகனும் இந்திய நாட்டு எளிய சிப்பாய்களும் ஒரே மதிப்பைப் பெற்றனர். எவர் எக்குடியினர் என்று குண்டும் கேட்கவில்லை, புகழும் கேட்கவில்லை.

இத்தாலியில் அர்கெந்தாவை அடுத்த போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் லாஸனின் கல் நிற்கிறது. வெட்சியிலும் கரந்தையிலும் பட்டார்க்கு நம் முன்னோர் நட்ட நடுகல்லை அது நினைப்பூட்டும். நம் இல்லங்களில் வளரும் இளைஞர்க்கு யுத்தகளம் வாய்க்கவேண்டுவதில்லை. அது வாய்க்காதிருத்தலே நலம். ஆனால் வீட்டிலும், தொழிலிலும், சங்கத்திலும், நாலு பேரை முன்னின்று நடத்தும் பொறுப்பு எவர்க்கும் ஒருநாள் வரும். அந்நாளில் இடர்க்கு முன்னிற்கவும், ஆதாயத்திற்குப் பின்னிற்கவும் அவர்கள் கற்பார்களாக. பாட்டனார் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்வதினும், பேரன் பெயரைச் சொல்லி ஊரார் பெருமை கொள்ளச்செய்தல் பெரிது.