கடிகாரத்தை எதிரில் வைத்து நாவல் எழுதியவர்

லண்டனுக்கு வடக்கே வால்தம் கிராஸ் என்று ஓர் ஊர். 1860-ஐ ஒட்டிய வருஷங்கள். குளிர்காலத்து விடியற்காலை, வெளியே ஒரே இருட்டு. ஊர் முழுவதும் போர்த்திக்கொண்டு தூங்குகிறது. ஒரு வீட்டில் மட்டும் வயதான குதிரைக்காரர் ஒருவர் கையில் காப்பியுடன் வந்து எஜமானரை எழுப்புகிறார். ஐந்தரை மணி அடிக்கும்போது எஜமானர் மேஜை முன்னால் பேனாவும் கையுமாக இருக்க வேண்டும். எழுப்பி விடும் இந்த ஒரு வேலைக்காகவே குதிரைக்காரருக்கு வருஷத்துக்கு 5 பவுன் தனியாகக் கிடைத்தது.

அந்த எஜமானர் அந்தோணி டிராலப். 47 நாவல்கள் எழுதிய பிரபல ஆங்கில ஆசிரியர். ஆனால் எழுத்து அவருடைய உத்தியோகம் அல்ல. பிரிட்டிஷ் தபால் இலாகாவில் அவர் ஓர் அதிகாரி. ஊர் ஊராகச் சுற்ற வேண்டிய வேலை. அதையும் குறைவின்றிச் செய்தார், நாவல்களையும் எழுதினார், வாரத்துக்கு இரண்டு நாள் குதிரையேறி வேட்டைக்கும் போனார்.

இவ்வளவுக்கும் நேரம் எங்கிருந்து வந்தது? பிறவியிலேயே சுறுசுறுப்பானவரா? இல்லை. இளமையில் அவரைப் போல உருப்படாதவர் இல்லை என்றே மேலதிகாரிகள் முடிவு கட்டியிருந்தார்கள்.

அழுக்குச் சட்டைச் சிறுவன்

டிராலப் 1815 ஏப்ரல் 24-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் வக்கீல், முன்கோபி. கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். விவசாயத்தில் இறங்கினார், அதிலும் நஷ்டம். ஹாரோ பள்ளியில் பணக்காரப் பிள்ளைகளின் நடுவே அழுக்குச் சட்டையும் சேறு படிந்த பூட்ஸுமாக நின்ற சிறுவன் டிராலப், எல்லோருடைய கேலிக்கும் ஆளானான்.

குடும்பத்தைக் காப்பாற்றியவர் தாயார் பிரான்ஸஸ். அமெரிக்கா போய் ஒரு வியாபாரம் செய்து நஷ்டப்பட்டுத் திரும்பிய அந்த அம்மாள், ஐம்பது வயதைத் தாண்டியபின் பேனாவை எடுத்தார். அமெரிக்கர்களின் பழக்கவழக்கங்களைப் பற்றி 1832-ல் அவர் எழுதிய புத்தகம் பரபரப்பாக விற்றது. ஆனாலும் கடன் தீரவில்லை. 1834-ல் கடன்காரர்களுக்குப் பயந்து குடும்பம் பெல்ஜியத்துக்கு ஓடியது. அங்கே கணவரும் ஒரு மகனும் படுத்த படுக்கையானார்கள். மருந்துப் புட்டிக்குப் பக்கத்தில் மைப்புட்டியை வைத்துக்கொண்டு, நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தபடியே அந்தத் தாய் நாவல் எழுதினார். விடியற்காலை நாலு மணிக்கு எழுத உட்கார்ந்து, மற்றவர்கள் கண் விழிப்பதற்குள் முடித்துவிடுவது அவர் வழக்கம். மகன் இதைக் கண்ணால் பார்த்தார். ஆனால் பார்த்தது பழக்கமாக மாறப் பல வருஷங்கள் பிடித்தன.

கடன்காரக் குமாஸ்தா

அதே 1834-ல் லண்டன் தலைமைத் தபால் அலுவலகத்தில் டிராலப்புக்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. வருஷச் சம்பளம் 90 பவுன். ஏழு வருஷம் அங்கே குப்பை கொட்டினார். நேரத்துக்கு வர மாட்டார். கையில் காசு தங்காது. தையல்காரருக்குக் கொடுக்க வேண்டிய 12 பவுன் பாக்கி ஒரு லேவாதேவிக்காரரின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. வட்டியும் முதலுமாக முடிவில் 200 பவுனுக்கு மேல் அழ வேண்டியதாயிற்று. அந்த லேவாதேவிக்காரர் தினந்தோறும் ஆபீசுக்கே வந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, காலம் தவறாமையைப் பற்றி உபதேசம் செய்வாராம்!

1841-ல் அயர்லாந்தில் ஓர் இடம் காலியாயிற்று. யாரும் போக விரும்பாத இடம். டிராலப் கேட்டார், தொல்லை விட்டது என்று லண்டன் மேலதிகாரிகள் அனுப்பி வைத்தார்கள். ஆள் உதவாக்கரை என்று ஒரு ரகசியக் கடிதமும் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் அயர்லாந்து அதிகாரி நல்ல மனிதர். அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்தாமல், இனிமேல் பார்க்கும் வேலையைக் கொண்டே மதிப்பிடுவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு சொல் ஆளையே மாற்றியது. படியெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 400 பவுன் வருமானம், பொறுப்பான வேலை, குதிரைமேல் ஊர் சுற்றல். ஒரே வருஷத்தில் டிராலப் நல்ல உத்தியோகஸ்தர் என்று பெயர் எடுத்துவிட்டார். 1844-ல் ரோஸ் ஹெஸல்டைன் என்ற பெண்ணை மணந்தார்.

பன்னிரண்டு வருஷம் பொறுத்தார்

முதல் நாவலை 1843-ல் தொடங்கினார். அது 1847-ல் வெளிவந்தது, சீந்துவார் இல்லை. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. 'வார்டன்' என்ற நாலாவது நாவல் 1855-ல் வந்தது. அந்த வருஷக் கடைசியில் பிரசுரகர்த்தர் அனுப்பிய தொகை 9 பவுன் 8 ஷில்லிங் 8 பென்ஸ். தம் எழுத்து சம்பாதித்த முதல் பணம் என்று டிராலப் அதைத்தான் கணக்கு வைத்தார். பேனா எடுத்துப் பன்னிரண்டு வருஷமாகியிருந்தது!

இதற்கிடையில் கிராமத் தபால்காரர்களின் வழித்தடங்களைச் சீர்திருத்தும் வேலை அவரிடம் வந்தது. சானல் தீவுகளுக்குப் போனபோது, பிரான்சில் உள்ளது போலத் தெருவிலேயே தபால் பெட்டி வைக்கலாம் என்று யோசனை சொன்னார். 1852-ல் ஜெர்ஸி தீவில் முதல் பெட்டிகள் நிறுவப்பட்டன. பிறகு அது பிரிட்டன் முழுவதும் பரவியது.

ஓயாத பிரயாணம் எழுத்தைக் கெடுத்தது. டிராலப் அதற்கும் வழி கண்டார். மடியில் வைத்து எழுத ஒரு பலகை செய்துகொண்டு, ஓடும் ரயிலில் பென்சிலால் எழுதினார். மனைவி அதைப் படி எடுத்துக் கொடுத்தார். 'பார்செஸ்டர் டவர்ஸ்' என்ற புகழ்பெற்ற நாவலின் பெரும்பகுதி அப்படி ரயிலில் பிறந்ததுதான்.

கால் மணிக்கு 250 வார்த்தை

1859-ல் வால்தம் கிராஸுக்குக் குடிவந்தபின் பழக்கம் கெட்டிப்பட்டது. ஐந்தரை மணிக்கு உட்கார்ந்ததும், முதல் அரை மணி நேரம் முன்தினம் எழுதியதைப் படிப்பார். பிறகு கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொள்வார். கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் பேனா ஓட வேண்டும். எட்டரை மணிக்குச் சுமார் 2,500 வார்த்தை முடிந்திருக்கும். பிறகு காலை உணவு. பிறகு தபால் இலாகா. மற்றவர்களின் பொழுது தொடங்கும் வேளையில் அவருடைய எழுத்து வேலை முடிந்துவிடும்.

இதைவிட முக்கியம் அவர் வைத்திருந்த கணக்குப் புத்தகம். ஒவ்வொரு நாவலுக்கும் தேதி போட்டுக் கட்டம் வரைந்து, அன்றன்று எழுதிய பக்கங்களைக் குறிப்பார். ஒரு பக்கம் என்றால் 250 வார்த்தை. அதையும் எண்ணியே போடுவார். சாதாரணமாக வாரத்துக்கு 40 பக்கம். சோம்பி இருந்த நாளில் கட்டம் காலியாக நின்று முகத்தில் அறையும். இளமையில் லேவாதேவிக்காரர் செய்த காரியத்தை இப்போது அந்தப் புத்தகம் செய்தது!

எகிப்துக்குக் கப்பலில் போனபோது தலைசுற்றல், வாந்தி. நடுநடுவே எழுந்து போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து அன்றைய பக்கங்களை முடித்தார். ஒரு நாவல் முடிந்த மறுநாளே அடுத்த நாவல் தொடங்கிவிடும். 1860-ல் ஒரு பத்திரிகைத் தொடர்கதைக்கு 1,000 பவுன் கிடைத்தது. 1867-ல், 33 வருஷ சேவைக்குப் பின், பென்ஷனைக்கூட எதிர்பாராமல் உத்தியோகத்தை விட்டார். அவ்வளவு சேமித்திருந்தார்.

உண்மை சொன்னதன் விலை

1882 டிசம்பர் 6-ந் தேதி டிராலப் காலமானார். அப்போதும் மேஜைமேல் ஒரு நாவல் பாதியில் இருந்தது. தாம் இறந்தபின் வெளியிடும்படி மகனிடம் விட்டுப்போன சுயசரிதை 1883-ல் வந்தது. அதில் எதையும் மறைக்கவில்லை. கடிகாரத்தையும் சொன்னார், பக்கக் கணக்கையும் சொன்னார், புத்தகங்களால் கிடைத்த மொத்தத் தொகை 68,939 பவுன் 17 ஷில்லிங் 5 பென்ஸ் என்று காசு சுத்தமாகப் போட்டுக் காட்டினார். செருப்புத் தைப்பவர் ஒரு ஜோடி முடித்ததும் அடுத்த ஜோடியை எடுப்பது போலத்தான் தாமும் நாவல் எழுதியதாகச் சொன்னார்.

இலக்கிய உலகம் முகம் சுளித்தது. கலை என்பது தெய்வ அருள். அதைக் கடிகாரம் வைத்து அளப்பதா என்று கேட்டார்கள். ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்த அவர் புகழ் மேலும் இறங்கியது. உழைப்பைப் பற்றி உண்மை சொன்னதற்குக் கிடைத்த தண்டனை அது.

ஆனால் புத்தகங்கள் சாகவில்லை. இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு மழை பொழிந்த நாட்களில் இங்கிலாந்து மக்கள் மீண்டும் அவற்றைத் தேடிப் படித்தார்கள். 1993-ல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில், பெரும் புலவர்களுக்குரிய மூலையில், அவருக்கும் ஒரு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

தம் வெற்றிக்கு யார் காரணம் என்று டிராலப் யோசித்துப் பார்த்ததுண்டு. அவர் நினைவுக்கு வந்தவர் அந்தக் குதிரைக்காரர்தான். வால்தம் கிராஸில் இருந்த அத்தனை வருஷத்தில் அவர் ஒரு நாள்கூடக் காப்பியுடன் தாமதித்து வந்ததில்லை. மற்ற எவரையும்விட அவருக்கே தாம் அதிகம் கடமைப்பட்டிருக்கலாம் என்று டிராலப் எழுதி வைத்தார்.