வாடகை வீட்டில் வாழ்ந்த முதல்வர்

நாம் பிறந்து வளர்ந்த இடம் மேற்கு மாம்பலம். ஆறு குடும்பங்களுக்கு ஒரு கிணறு என்றிருந்த ஒண்டுக் குடித்தனத்தில் எம் இளமை கழிந்தது. கிண்டியில் கடைசல் பட்டறை வேலை கிடைத்ததும் ஊரைவிட்டு வந்த எம் பாட்டனார் அங்கே குடியேறினார். விடுமுறை நாள்களில் எம்மைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும் தந்தையார், தொடர்வண்டிப் பாதையைக் கடந்து, தியாகராய நகரின் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள ஒரு வீட்டின்முன் நிற்பார். நாடாண்ட முதலமைச்சர் ஒருவர் நம்மைப் போலவே வாடகைக்குக் குடியிருந்த வீடு அது என்று அவர் சொல்லக் கேட்டு நாம் வியந்ததுண்டு. அந்த வீடு இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. அங்கு வாழ்ந்தவர் பெருந்தலைவர் காமராசர்.

1903ஆம் ஆண்டு சூலை 15ஆம் நாள் விருதுநகரில் குமாரசாமி, சிவகாமி அம்மையார் இணையருக்கு மகனாகப் பிறந்தார் காமராசர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தமையால் படிப்பைத் தொடர இயலாமல் தாய்மாமனின் துணிக்கடையில் பணிபுரிந்தார். விடுதலை வேட்கை அவரைக் காங்கிரசுப் பேரியக்கத்திற்கு ஈர்த்தது. 1930ஆம் ஆண்டு உப்பு அறப்போரில் சிறை புகுந்தவர், பின்னரும் பலமுறை சிறைப்பட்டு, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசுத் தலைவரானார். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். தலைமைப் போட்டியில் தம்மை எதிர்த்து நின்ற சி. சுப்பிரமணியத்தையும், அவருக்குத் துணைநின்ற பக்தவத்சலத்தையும் தம் அமைச்சரவையில் சேர்த்துக்கொண்டமை அவர்தம் பெருந்தன்மைக்குச் சான்றாகும்.

வறுமையை அவர் ஏட்டில் கற்றறிந்தவர் அல்லர். பள்ளியை விட்டு நின்ற சிறுவனாகவே அதனை அறிந்தவர். ஆதலின், ஆட்சிக்கு வந்ததும் அவர் முதற்கண் கருத்தைச் செலுத்தியது பள்ளியின் மீதே. 1953இல் கொண்டுவரப்பட்ட அரைநேரக் கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. சிற்றூர்கள்தோறும் பள்ளிகள் எழுந்தன. பசித்த பிள்ளை படிக்க வாராது என்பதை உணர்ந்து, 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அரசின் பணத்தோடு பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்தே அத்திட்டம் நடந்தது. பொதுக் கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதற்குப் பெருந்துணையாய் இருந்தார்.

இங்கே ஒன்றை நினைவுகூர்தல் தகும். காமராசர் குடியிருந்த தியாகராய நகர், பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கியது. அப்பெருமகனார் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கப் பெற்றது. பின்னர் நின்றுபோன அவ்வறத்தை மாநிலம் முழுமைக்கும் விரித்தவர் காமராசர். மாநகராட்சிப் பள்ளியில் படித்த எம் தந்தையாரும் அந்தச் சோற்றை உண்டவரே.

பள்ளிக்கு அடுத்தபடியாக அவர் கருதியது தொழில். பெரம்பூரில் 1955இல் இரயில்பெட்டித் தொழிற்சாலை தொடங்கப் பெற்றது. நெய்வேலியில் நிலக்கரியும், திருச்சியில் கொதிகலன் தொழிலும் வளர்ந்தன. தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமனின் முயற்சியோடு 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை உருவாயிற்று. கைத்திறன் இருந்தும் முதல் இல்லாதவனுக்கு நிலம் வாங்கிக் கட்டடம் எழுப்புவது எட்டாக் கனி. அரசே கொட்டகை அமைத்து, மின்சாரம், நீர், சாலை ஆகிய வசதிகளைச் செய்து கொடுத்தால், அவன் இயந்திரத்தோடு வந்து தொழில் தொடங்கலாம். இதுவே தொழிற்பேட்டையின் அடிப்படை. மாம்பலத்திலிருந்து மின்தொடர் வண்டியில் ஏறினால் இரண்டாம் நிலையம் கிண்டி. எம் பாட்டனாரைப் போன்றோர்க்கு வேலை அண்மையில் அமைந்தது. அவ்வேலையால் அடுப்பு எரிந்தது.

எனினும், ஒருவர் வாழ்வை எழுதுங்கால் நிறைவை மட்டும் எழுதுதல் முறையன்று. தொழில் வளர்ந்த நகரை நோக்கிச் சிற்றூர் மக்கள் திரண்டு வந்தனர். அவர்களுக்கு வேலை கிடைத்த அளவுக்கு வீடு கிடைக்கவில்லை. அடையாற்றங்கரையிலும் கூவக்கரையிலும் குடிசைகள் பெருகின. 1963இல் முதலமைச்சர் பதவியைத் துறந்து, அகில இந்தியக் காங்கிரசுத் தலைவராகி, இரு தலைமை அமைச்சர்களைத் தெரிவு செய்வதில் பெரும்பங்கு கொண்டவர் அவர். அவரே 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரில் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மொழிப் போராட்டத்தின் சினத்தோடு அரிசித் தட்டுப்பாட்டின் துயரும் அத்தோல்விக்குக் காரணமாயிற்று. பசியைத் தீர்க்க முனைந்தவரின் கட்சியைப் பசியே வீழ்த்தியது எனலாம்.

குடிசை வாழ்வோர்க்கென மாநில அரசு தனி வாரியம் அமைத்தது 1970இல்தான். அதன்பின் எழுந்த அடுக்கு வீடுகள் பலர்க்கு நிழல் தந்தன. ஆனால் 2015 பெருவெள்ளத்திற்குப் பிறகு ஆற்றங்கரையோர் பலர், நகரின் தெற்கெல்லைக்கு அப்பால் பெரும்பாக்கம் போன்ற இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். கூரை கிடைத்தது, வேலையும் பள்ளியும் தொலைவாயின. உணவைப் பிள்ளை இருக்கும் பள்ளிக்கும், தொழிற்கூடத்தை உழைப்பவன் எட்டும் தொலைவுக்கும் கொண்டுவந்த காமராசரின் வழியை இங்கே எண்ணிப் பார்த்தல் வேண்டும். வறியவன் வாழுமிடத்திற்கே வளர்ச்சி வருதல் வேண்டும் என்பதே அவர் ஆட்சி நமக்குக் கற்பிக்கும் பாடம்.

1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், அதே திருமலைப் பிள்ளை சாலை வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. ஒன்பதாண்டுக் காலம் முதலமைச்சராக இருந்தவர் தமக்கென ஒரு வீடும் வாங்கவில்லை. 1976இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

அன்பு மாணவர்களே! உங்களுள் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள் என்பதை நாம் அறிவோம். ஒரு வேளைச் சோறும் ஒரு பட்டறை வேலையும் எம் குடும்பத்தை இவ்வகுப்பறை வரை கொண்டுவந்து சேர்த்தன. நாளை நீங்கள் அதிகாரிகளாகவும் ஆசிரியர்களாகவும் வணிகர்களாகவும் திகழும்போது, உங்கள் தெருவுக்கு அப்பால் தொடர்வண்டிப் பாதையோரம் வாழ்வோரை மறவாதிருங்கள். அவர்களுக்கு அண்மையில் பள்ளி உண்டா, வேலை உண்டா, வீடு உண்டா என்று கேளுங்கள். மூன்றாவது வினாவுக்கான விடை இன்னும் முழுமை பெறவில்லை. அதனை நிறைவு செய்தல் உங்கள் தலைமுறையின் கடன்.